வாவிக்கரைக்கு வேண்டிய கல்வி

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்காக ஆண்டுதோறும் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்திலே கூடும் மக்கள், எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் திரண்டு வருகின்றனர். வாவியில் வலை வீசுவோர், வயலில் உழைப்போர், கந்தோரில் எழுதுவோர் யாவரும் ஒரே தீர்த்தக் குளத்தில் மூழ்கி எழுகின்றனர். அன்று அவர்களுக்குள் வழக்கொன்றும் இல்லை. மாரிகாலம் பிறந்தால் வழக்கும் உடன் பிறந்துவிடுகிறது.

ஆலயத்துக்கு அண்மையிலுள்ள பாலமீன்மடுவிலே, வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடக்கும். பெருமழை பொழிந்து வாவி நீர் ஏறி, படுவான்கரை வட்டைகளிலே வேளாண்மை மூழ்கத் தொடங்கியதும், "முகத்துவாரத்தை வெட்டுங்கள்" என்பர் வயற்காரர். "காலம் வருமுன் வெட்டினால் இறாலும் மீன்குஞ்சும் கடலோடு போய்விடும், எங்கள் பிழைப்பு என்னாவது?" என்பர் மீனவர். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தால் வெட்டுவது, எவ்வளவு அகலம் வெட்டுவது, எத்தனை நாள் திறந்து வைப்பது என்ற வினாக்களுக்கு நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவரே தனித்து விடை கூற முடியாது. மீன்வளம் கற்றவராலும் முடியாது. நெற்பயிர் கற்றவராலும் முடியாது. மூவரும் ஒரு மேசையைச் சுற்றி அமரலாம். மூவரும் தமிழிலேயே பேசலாம். ஆயினும் ஒருவர் கற்ற கல்வியின் மொழி மற்றவர்க்கு விளங்காதபோது, ஈற்றில் தீர்ப்புக் கூறுவது வெள்ளமாகவே முடிகிறது.

இந்த ஒரு வழக்கை நாம் முதலில் எடுத்துக் கூறியமைக்குக் காரணம் உண்டு. எரிசக்தியும் சுற்றாடலும் பற்றிய வினாக்கள் இன்று நம் மாவட்டத்தின் வாயிலில் வந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றேனும் ஒரு துறைக்குள் அடங்குவதன்று. ஆகவே பல துறைப் பட்டதாரிகளை ஒருங்கே சேர்த்து, எரிசக்தியையும் சுற்றாடலையும் ஒரே பொருளாகக் கற்பிக்கும் பட்டப்பின் கல்வியொன்று வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலே நிலைபெற வேண்டும் என்பதை இவ்வாரம் வலியுறுத்த விரும்புகின்றோம்.

'இது படித்தவர் விவகாரம், நமக்கென்ன?' என்று விவசாயப் பெருமக்கள் இத்தாளைப் புரட்டிவிடலாகாது. வயலிலே இறைக்கும் யூரியா எங்கிருந்து வருகிறது? இயற்கை வாயுவையும் காற்றிலுள்ள நைதரசனையும் கொண்டு ஆக்கப்படும் அமோனியாவிலிருந்து வருகிறது. உலகச் சந்தையிலே எரிவாயு விலை ஏறினால், உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயலிலே உரத்தின் விலையும் ஏறும். உழவு இயந்திரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் டீசல் வேண்டும். நீரிறைக்கும் பம்பிக்கு எண்ணெயோ மின்சாரமோ வேண்டும். நெல்லைக் குற்றும் ஆலைக்கு மின்சாரமும், புழுக்குவதற்கு உமியோ விறகோ வேண்டும். ஆகவே ஒரு மூடை நெல்லுக்குள்ளே எத்தனையோ இலீற்றர் எண்ணெய் மறைந்து கிடக்கிறது. வயற்காரரே இந்நாட்டின் எரிசக்திக் கொள்கையினால் முதலில் தாக்குண்பவர் என்பது இதனாற் புலனாகும்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டமையை எவர் மறப்பர்? சேதன விவசாயம் நல்லதா, தீயதா என்பதன்று நாம் இங்கு எழுப்பும் வினா. நாடு முழுவதற்கும் வேண்டிய நைதரசனை ஒரே போகத்திலே எந்த எருவிலிருந்து, எவ்வாறு பெறுவது என்ற கணக்கைப் போட்டுப் பார்த்து, அதன் விளைவை உரத்துக் கூறுவாரின்றி அம்முடிவு எடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனால் விளைச்சலில் நேர்ந்த இழப்பை நீக்க எவராலும் முடியவில்லை. அடுத்து வந்த 2022இல் எரிபொருள் வரிசைகளிலே உழவர் நாட்கணக்கில் நின்றனர். மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிலவிற்று. மண்ணையும் எரிபொருளையும் அந்நியச் செலாவணியையும் ஒருங்கு வைத்து நோக்கும் கண் இல்லாத நாடு எவ்வாறு தடுமாறும் என்பதற்கு அவ்விரு ஆண்டுகளும் சான்று பகர்கின்றன.

வடக்கே வலிகாமத்தில் நேர்ந்ததை நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆறில்லை. சுண்ணக்கற் பாறைக்குள் ஊறிக் கிடக்கும் நிலத்தடி நீரே குடிநீரும் தோட்ட நீரும் ஆகும். அந்நிலத்தின்மேல், சுன்னாகத்திலே, எண்ணெயில் இயங்கும் மின்னிலையம் அமைந்தது. மின்சாரம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் சுண்ணக்கற் பாறை எண்ணெயை எவ்விதம் உள்வாங்கும், அது எத்திசையிற் பரவும் என்பதை உரிய வேளையிலே ஓர்ந்து தடுத்தார் இல்லை. கிணறுகளிலே எண்ணெய் மிதந்தது. மக்கள் போராடினர், வழக்குத் தொடரப்பட்டது. 2019 ஏப்பிரல் 4ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மின் உற்பத்தி செய்த நிறுவனம் பாதிக்கப்பட்டோர்க்காக இரண்டு கோடி ரூபா செலுத்த வேண்டும் எனப் பணித்தது. நீதி கிடைத்தமை நன்று. எனினும், நஞ்சு கலந்தபின் வரும் நீதி கிணற்றைத் தூய்மை செய்துவிடுமா? நிலையம் எழுமுன்னரே பாறையியலும் பொறியியலும் சட்டமும் கற்ற சிலர் ஒன்றுகூடி வினாவெழுப்பியிருந்தால், இத்தொல்லையில் பெரும் பகுதியைத் தவிர்த்திருக்கலாமன்றோ?

எண்ணெயையும் நிலக்கரியையும் விட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் மாறிவிட்டால் தொல்லை தீரும் எனச் சிலர் கருதுகின்றனர். மாற வேண்டும் என்பதே நம் கருத்துமாகும். 2030ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்காக அறிவிக்கப்பட்டுள்ளது. ஆயினும் வெயிலும் காற்றும் நிலத்தின்மேலேயே அறுவடை செய்யப்பட வேண்டும். அந்நிலத்திலே மக்களும் மாடுகளும் பறவைகளும் வாழ்கின்றன. மன்னாரிலே 2020 திசம்பரில் திறக்கப்பட்ட காற்றாலைப் பண்ணையில் முப்பது காற்றாலைகள் 103.5 மெகாவாற்று மின்வலுவுடன் நிற்கின்றன. அங்கே மேலும் காற்றாலைகள் நிறுவ முனைந்தபோது, வலசை வரும் பறவைகளின் வழி பற்றியும், தீவின் வெள்ள வடிகால் பற்றியும், மின்சாரத்தின் விலை பற்றியும் எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்புருவரியிலே அத்திட்டத்தினின்றும் விலகிக்கொண்டது. சம்பூரிலே 2016இல் நிலக்கரி மின்னிலையத் திட்டம் கைவிடப்பட்டது. அதே சம்பூரிலே 2025 ஏப்பிரலில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையத்துக்குத் தொடக்க விழா நிகழ்ந்தது. நம் மாவட்டத்து வவுணதீவிலும் சூரியத் தகடுகள் ஏறிவிட்டன.

சூரியத் தகடு தீங்கற்றது. அது விரிக்கப்படும் இடம் மேய்ச்சற்றரையாயின் தீங்கு வேறு வழியில் வரும். மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளின் மேய்ச்சல் நிலத்துக்காக நம் பண்ணையாளர் எத்தனை காலம் தெருவில் அமர்ந்தனர் என்பதை அறிந்த மாவட்டம் இது. நிலத்தின் அருமையை நமக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. எண்ணெய்ச் செலவில்லாமற் சூரியப் பம்பி நீரிறைக்கும் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இறைக்கச் செலவில்லை என்றானதும், கடலோர மணலிலே எழுவான்கரைக் கிணறுகள் அளவுக்கு மிஞ்சி இறைக்கப்பட்டால் உவர் நீர் ஏறாதா? நண்பகலிலே கூரைதோறும் பிறக்கும் மின்சாரத்தை மாலை விளக்குக்கு எவ்வாறு சேமிப்பது? 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, மின் தேவை குறைந்துவிட்டமையாற் கூரைச் சூரியத் தகடுகளை அணைத்து வைக்குமாறு உரிமையாளர் வேண்டப்பட்டனர். வெயில் இருந்தும் அதனைப் பயன்கொள்ள இயலாத நிலை அது! ஒவ்வொரு நன்மையோடும் ஒரு வினா ஒட்டிக்கொண்டு வருகிறது. வினாவை அறிந்தவனே நன்மையை முழுதாகப் பெறுவான்.

நம் ஊரின் பழைய பாடமொன்றும் உண்டு. வாழைச்சேனைக் காகித ஆலை 1950களிலே எழுந்தபோது, நம் வயல்களில் வீணாகும் வைக்கோலே அதன் மூலப்பொருளாயிற்று. கழிவைச் செல்வமாக்கும் அக்கருத்துச் சிறந்தது. எனினும் வைக்கோலை அவிக்கும் இரசாயனக் கழிநீர் எங்கே போவது, வைக்கோல் முழுவதையும் வாரிக்கொண்டால் மண்ணுக்கும் மாட்டுக்கும் எஞ்சுவது என்ன என்பனவும் அக்கருத்தோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவை. இன்று வைக்கோலிலும் உமியிலுமிருந்து எரிசக்தி எடுக்கலாம் எனத் திட்டங்களோடு வருவோர்க்கும் நாம் அதே வினாக்களை விடுக்க வேண்டும். விடுப்பதற்கு ஆள் வேண்டும்.

அத்தகைய ஆளை ஆக்குவது இயலுமா? பிற நாட்டார் ஆக்கியிருக்கின்றனர். கலிபோர்னியாவிலே பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில், எரிசக்தியையும் வளங்களையும் பல துறை மாணவர் ஒருங்கிருந்து ஆராயும் பட்டப்பின் கல்வி 1973இலேயே தொடங்கிற்று. அதனினும் நமக்கு அண்மையான பாடம் கருநாடகத்தில் உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்திலே மின்னிரசாயனப் பேராசிரியராக விளங்கிய அமுல்ய ரெட்டி அவர்கள், 1974இல் கிராமங்களுக்கான விஞ்ஞானப் பணியொன்றை அங்கே தொடங்கினார். தும்கூர் மாவட்டத்துப் புரா என்னும் சிற்றூரிலே எவ்வேலைக்கு எவ்வளவு எரிசக்தி செலவாகிறது என்று அவர் குழுவினர் வீடுவீடாக அளந்தனர். சமையலுக்கான விறகே பெரும் பங்கு என்று கண்டனர். ஆகவே சாண எரிவாயுவைச் சமையலுக்கு வழங்குவதே வழி எனத் துணிந்தனர். கணக்குச் சரியானதே. ஆயினும் முயற்சி வேரூன்றவில்லை. பின்னர் ஊராரைக் கேட்டபோது, தமக்கு முதலில் வேண்டியது குடிநீர் என்றனர். 1980களின் பிற்பகுதியிலே அதே சாண வாயுவினால் இயந்திரத்தை ஓட்டி, குழாய்க் கிணற்று நீரை வீடுகளுக்கு ஏற்றி, மின்விளக்கும் எரித்தபோது திட்டம் நிலைத்தது. சாணம் கொணர்ந்தோர்க்குக் கூலியும் கிடைத்தது. வாயு எடுத்தபின் எஞ்சிய சேறு எருவாக அவரவர் வயலுக்கே மீண்டது.

இரசாயனம் கற்ற பேராசிரியர் ஒருவர், பெண்கள் தலையிற் சுமக்கும் குடத்தைப் பற்றிக் கற்றுக்கொண்ட பின்னரே அவரது இரசாயனம் ஊருக்குப் பயன்பட்டது. நாம் வேண்டும் கல்வி இத்தகையது.

இக்கருத்து மட்டக்களப்புத் தமிழகத்துக்குப் புதியதும் அன்று. காரைதீவிலே 1892இல் தோன்றிய விபுலானந்த அடிகள் விஞ்ஞானத்தில் இலண்டன் பட்டம் பெற்றவர். அண்ணாமலையிலும் பின்னர் இலங்கையிலும் தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்தவர். ஒலியின் கணிதத்தையும் பழந்தமிழ் இசை மரபையும் ஒருங்கே கற்றவராதலின், 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' அவராலே ஆக்க முடிந்தது. கணிதம் மட்டும் அறிந்தவர்க்கு அது கைகூடியிராது. தமிழ் மட்டும் அறிந்தவர்க்கும் கைகூடியிராது. கல்லடியிலே அடிகள் நிறுவிய கல்விக்கூடத்தின் நிழலில் வளர்ந்த சமுதாயம், துறைகளைக் கடந்து கற்பதை அந்நிய நாகரிகம் என்று ஒதுக்க நியாயமில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நோர்வே நாட்டுப் பல்கலைக்கழகமொன்றுடன் கைகோத்துத் தூய சக்தித் தொழினுட்பத்தில் முதுமாணிக் கல்வியைத் தொடங்கியமை பாராட்டுக்குரியது. ஆயின் கிழக்கின் வினாக்கள் வேறு. வாவியும் குளமும் வயலும் மேய்ச்சலும் ஒன்றோடொன்று பிணைந்த நிலம் இது. வந்தாறுமூலையிலே விவசாய பீடம் உண்டு. விஞ்ஞான பீடம் உண்டு. வணிக முகாமைத்துவமும் கலை கலாசாரமும் உண்டு. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலே பொறியியற் பீடம் உண்டு. இவ்விரண்டும் தமிழ் பேசும் மக்களின் இரு கண்கள். ஒரு கண் நிலத்தையும் மறு கண் இயந்திரத்தையும் தனித்தனியே நோக்கிக்கொண்டிருப்பதாற் பயனென்ன? இரண்டும் ஒரே பொருளை நோக்குக.

நாம் கருதும் திட்டம் பெரிதன்று. இரண்டாண்டுக் கல்வி, ஆண்டுக்குப் பதினைந்து மாணவர். விவசாயம், விஞ்ஞானம், பொறியியல், பொருளியல், சட்டம் ஆகிய துறைகளிலிருந்து ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் மூவர். முதலாண்டிலே எரிசக்திக் கணக்கு, நீரும் மண்ணும், செலவும் வரவும், சட்டமும் உரிமையும் ஆகியவற்றை யாவரும் பொதுவாகக் கற்பர். இரண்டாம் ஆண்டிலே துறைக்கொருவராகக் குழு சேர்ந்து, வாகரை, கிரான், வவுணதீவு, வெல்லாவெளி போன்ற பிரதேசமொன்றில் ஒரு பெரும்போகம் முழுவதும் தங்கி, அவ்வூரின் உண்மையான சிக்கலொன்றை எடுத்து ஆராய்வர். முகத்துவாரம் வெட்டும் காலம் ஒரு குழுவுக்கு ஆய்வுப் பொருளாகட்டும். சூரியத் தகட்டுக்குரிய நிலம் எது என்பது மற்றொரு குழுவுக்கு ஆகட்டும். ஆய்வு முடிவு ஆங்கிலத்தில் எழுதப்படுவதோடு நில்லாது, தமிழிலும் எழுதப்பட்டு, அவ்வூர்க் கமக்காரர் அமைப்பின் முன்னும் மீனவர் சங்கத்தின் முன்னும் படிக்கப்பட வேண்டும். வட்டவிதானை எழுந்து வினவும் வினாவுக்கு விடை கூற முடியாத மாணவருக்குப் பட்டம் வழங்கலாகாது என்பது நம் துணிபு.

தடைகள் கூறுவோர் உளர். பல துறையும் கற்பவன் ஒன்றையும் ஆழக் கல்லான் என்பது முதலாவது தடை. இது சிறுபிள்ளைப் படிப்புக்குப் பொருந்தலாம். நாம் கேட்பதோ, தன் துறையிலே இளமாணிப் பட்டம் பெற்று ஆழம் கண்டவனைப் பிற துறையினரோடு ஒருங்கிருத்தும் கல்வி. பொறியியலாளர் பொறியியலாளராகவே இருப்பார். ஆனால் மீனவரின் கூற்றிலுள்ள விஞ்ஞானத்தையும் விளங்கிக்கொள்வார்.

பட்டதாரிகள் வேலையின்றித் திரியும் நாளிலே மேலும் ஒரு பட்டமா என்பது இரண்டாவது தடை. இது நோவிலிருந்து எழும் வினா. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒரு துறைப் பட்டத்தை மேலும் மேலும் அடுக்குவதால் வேலை பிறவாது என்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆனால் ஒவ்வொரு சூரிய மின் திட்டத்துக்கும் சுற்றாடல் ஆய்வு வேண்டும். ஒவ்வொரு ஆலைக்கும் எரிசக்திச் சிக்கனம் வேண்டும். ஒவ்வொரு குளத்துக்கும் நீர்க்கணக்கு வேண்டும். இவ்வேலைகள் நம் மண்ணிலேயே நிகழப் போகின்றன. அவற்றைச் செய்ய நம் பிள்ளைகள் இலரேல் வெளியூரார் வந்து செய்து போவர். அவர்கள் எழுதும் அறிக்கையை நாம் பின்னர் நீதிமன்றத்தில் எதிர்க்க நேரிடும்.

பணம் எங்கே என்பது மூன்றாவது தடை. இருக்கின்ற பீடங்கள், இருக்கின்ற ஆசிரியர்கள், இருக்கின்ற ஆய்வுகூடங்கள் ஒன்றுசேர்வதே இத்திட்டத்தின் முதற் பொருள். எஞ்சும் தேவைக்குப் புலம்பெயர்ந்து வாழும் நம் பொறியியலாளரும் பேராசிரியரும் உளர். கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுக்கும் அக்கைகள் ஐந்து மாணவரின் படிப்புச் செலவையும் தாங்கும் என நம்புகின்றோம்.

இறுதியாக, நம் அரசியலாரோடு ஒரு சொல். அதிகாரப் பகிர்வைப் பற்றி நாம் மேடைதோறும் பேசிவருகின்றோம், பேசவும் வேண்டும். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையை எடுத்து வாசியுங்கள். நீர்மின்னும் தேசிய மின்வலையமைப்புக்கு ஊட்டப்படும் மின்சாரமும் நீங்கலாக, மாகாணத்துக்குள் மின்சக்தி ஆக்குவதற்கான இடங்களையும் வசதிகளையும் விருத்தி செய்து முகாமை செய்வது மாகாண சபைப் பட்டியலிலே தெளிவாக உள்ளது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்தெம்பரில் முடிந்தபின் ஆண்டுகள் பல ஆளுநரின் கையிலே கழிந்தன என்பது உண்மை. அதற்குரியோரை நாம் இப்பத்தியிலே கண்டிக்கத் தவறமாட்டோம். ஆனால் சபை இயங்கிய நாட்களிலே அவ்வதிகாரத்தைக் கொண்டு நாம் ஏற்றிய விளக்குகள் எத்தனை? அதிகாரம் கேட்பது ஒரு பாதி. அதனை எடுத்தாளும் ஆட்களை ஆக்குவது மறு பாதி. நாளை முழு அதிகாரமும் நம் கைக்கு வந்து, அதனோடு எந்தக் கடதாசியில் ஒப்பமிடுவது என்றறியாது நிற்போமாயின், பழியை எவர்மேற் போடுவது?

ஆகவே கிழக்குப் பல்கலைக்கழகப் பேரவையையும் மூதவையையும் நாம் வேண்டுவது இது: விவசாய அமைப்புகளையும் மீனவர் சங்கங்களையும் முதலில் அழைத்து, அவர்தம் வினாக்களைக் கேளுங்கள். அவ்வினாக்களிலிருந்து பாடத்திட்டம் பிறக்கட்டும். தொழில் புரியும் கற்றோரை வேண்டுவது: வாரத்துக்கு ஒரு மாலையேனும் கற்பிக்க முன்வாருங்கள். வயற்காரரையும் மீனவரையும் வேண்டுவது: பிள்ளைகள் உங்கள் ஊருக்கு அளவுகோலோடும் குறிப்பேட்டோடும் வரும்போது, அவர்களை விருந்தினராக மட்டும் நடத்தாதீர்கள், மாணவராகவும் நடத்துங்கள். நீங்கள் அறிந்ததை அவர்கள் வேறெங்கும் கற்க முடியாது.

அடுத்த மாரியும் வரும். பாலமீன்மடுவிலே மணல் மீண்டும் அடைக்கும். முகத்துவாரத்தை வெட்டுவதா, விடுவதா என்ற வழக்கு அன்றும் எழும். இரு கரையார்க்கும் விளங்கும் சொல்லிலே, இருவர் இழப்பையும் எடைபோட்டு, "இந்நாளில், இவ்வளவு வெட்டுக" என்று அஞ்சாது கூறவல்ல பத்துப் பேரையேனும் சில ஆண்டுகளுக்குள் நம் பல்கலைக்கழகம் ஆக்கித் தருமா என்பதே இன்றைய வினா. அதற்குரிய விடையை வந்தாறுமூலையிலிருந்து எதிர்பார்க்கின்றோம்.